வாசல் முதல் வகுப்பறை வரை



தொழுகை, நோன்பு, பிள்ளைகளின் ஓதல், குடும்ப ஒழுக்கம் என்று எழுதிவரும் இந்தப் பகுதியில் இம்முறை வீதியைப் பற்றி எழுதுகின்றேன். மௌலவிமாருக்கும் வீதிப் போக்குவரத்துக்கும் என்ன சம்பந்தம், அது பொலிஸாருடைய வேலையல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். பாதையில் கிடக்கும் ஒரு முள்ளை எடுத்து ஓரமாகப் போடுவதைக்கூட ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கணக்கிட்ட மார்க்கம் நம்முடையது. பாதைக்கும் உரிமைகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆனில் ஓதுகின்றோம். அல்லாஹ்வுக்கு இணை வைக்காதே என்று தொடங்குகின்ற அந்த உபதேசம், பெற்றோர், தொழுகை, பொறுமை என்று வந்து, கடைசியில் எங்கே போய் நிற்கின்றது என்று கவனித்திருக்கின்றீர்களா? நடையில். மகன் எப்படி நடக்க வேண்டும், அந்த நடையில் எவ்வளவு நிதானம் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கின்றது.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தேன். இரண்டாம் ஆண்டில் படித்த ஆண் பிள்ளை. காலையில் வேன் வந்து எதிர்ப்பக்கத்தில் நின்று ஹோர்ன் அடித்திருக்கின்றது. வேன் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வீதியைக் கடந்திருக்கின்றான். அடித்த வாகனத்தின் சாரதியைக் குறை சொல்லவும் முடியாத நிலை. திரைக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் கேட்டார்: "ஹஸ்ரத், அஞ்சி நிமிஷம் முந்தி எழுப்பியிருந்தா எண்ட புள்ள ஓடியிருக்க மாட்டானே?" பக்கத்திலிருந்த மூத்த பெண்கள், "அப்படிச் சொல்லாத மகள், எல்லாம் கத்ர்" என்று அவரை அடக்கினார்கள்.

அந்தப் பெண்கள் சொன்னது சரிதான். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. ஏதேனும் துன்பம் நேர்ந்துவிட்டால், நான் இப்படிச் செய்திருந்தால் அப்படி நடந்திருக்குமே என்று சொல்ல வேண்டாம், அந்த 'இருந்தால்' என்ற சொல் ஷைத்தானுடைய வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்பது அதன் கருத்து. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கதவைத் திறந்தால் அதற்குப் பிறகு அவருக்கு நித்திரையும் இல்லை, தொழுகையில் மனமும் இல்லை. ஆகவே நானும் அவருக்கு அதையே சொன்னேன். பருவமடையாமல் மௌத்தான பிள்ளை பெற்றோருக்கு நரகத்திலிருந்து திரையாகும் என்ற நற்செய்தியையும் சொன்னேன்.

ஆனால் சகோதரிகளே, அந்த ஹதீஸை நாம் பாதியிலிருந்துதான் வாசிக்கின்றோம். அதன் முற்பகுதியில் நபி (ஸல்) அவர்கள் வேறொன்றைச் சொல்லியிருக்கின்றார்கள். உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் ஒடுங்கி இருந்துவிடாதே என்பது அது. முதலில் முயற்சி, அதன் பின்னர்தான் 'இருந்தால்' என்று சொல்லத் தடை. அந்த வரிசையைப் பாருங்கள். நடந்து முடிந்த பின் சொல்லக்கூடாத 'இருந்தால்'கள் அத்தனையையும் நடப்பதற்கு முன் சொல்லிப் பார்ப்பது நம் மீது கடமையாகின்றது. ஐந்து நிமிடம் முந்தி எழுப்பினால் என்ன? வேனை இந்தப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னால் என்ன? இன்று காலை பிள்ளையை அனுப்பிவிட்டு இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இவற்றைக் கேட்கத் தடையில்லை. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டிவிட்டு வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று சொல்லப்பட்ட செய்தியை நம் பிள்ளைகளே குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கின்றார்கள். ஒட்டகத்துக்கு உள்ள சட்டம் பிள்ளைக்கு இல்லையா?

டெங்கு என்றால் நாம் நடுங்குகின்றோம். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனைக்கு ஓடுகின்றோம், ஓடத்தான் வேண்டும். ஆனால் உலகத்தில் 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களுடைய மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. எந்த நோயையும் விட வீதி அதிகம் கொல்கின்றது. அந்த வீதிக்குத்தான் நாம் பிள்ளையை ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அனுப்புகின்றோம். மத்ரஸாவையும் டியூஷனையும் சேர்த்தால் நான்கு, ஆறு தடவை.

நம் ஊர்களின் அமைப்பையும் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, காத்தான்குடி எல்லாம் ஒரே பிரதான வீதியில் கோத்த மணிகள். மாவனல்லையையும் திஹாரியையும் கண்டி வீதி ஊடறுத்துப் போகின்றது. பேருவளையை காலி வீதி. வீடு ஒரு பக்கம், பாடசாலை மறுபக்கம், நடுவில் தூர இடத்து பஸ்ஸும் லொறியும். நம் மூத்தவர்கள் வீதியோரமாகப் பள்ளியும் கடையும் பாடசாலையும் கட்டிய காலத்தில் அந்த வீதியில் மாட்டு வண்டியும் சைக்கிளும் போயின. இன்று வீதி அகலமாகி, காபெட் போடப்பட்டு, வேகம் கூடிவிட்டது. பிள்ளையின் கால் மட்டும் அதே அளவுதான்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கின்றேன். மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைத் தாண்டும். ஏழு மீற்றர் அகலமான வீதியைச் சிறு பிள்ளையொன்று நடந்து கடக்க ஏழு விநாடியாவது எடுக்கும். அதற்குள் அந்த வாகனம் 100 மீற்றர் வந்துவிடும். தூரத்தில்தானே வருகின்றது என்று பிள்ளை நினைப்பது அந்த 100 மீற்றரைத்தான். பெரியவர்களுக்கே சில வேளை தவறுகின்ற இந்த மதிப்பீடு, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கைவருவதில்லை. வாகனம் சிறிதாகத் தெரிகின்றதா பெரிதாகத் தெரிகின்றதா என்று அதற்குத் தெரியும். எவ்வளவு வேகமாக வருகின்றது என்று தெரியாது. நிறுத்திவைத்த வேனுக்குப் பின்னால் நின்றால் அதற்கு வீதியே தெரியாது. வருகின்ற சாரதிக்கும் பிள்ளையைத் தெரியாது. இது பிள்ளையின் குழப்படியல்ல, அதன் வயது. அல்லாஹ் அந்த வயதில் அதற்குக் கொடுக்காத அறிவை, "எத்தனை தரம் சொல்லியிருக்கேன், பார்த்துப் போ என்று" என நாம் ஏசுவதால் உண்டாக்கிவிட முடியாது. ஆகவே சின்ன வகுப்புப் பிள்ளைகள் தனியாகப் பிரதான வீதியைக் கடக்கக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் கையைப் பிடித்துக் கடத்தி விடுபவர் ஒருவர் வேண்டும்.

அந்தக் கையைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கின்றது. விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிள்ளை வேலிப் பக்கம், நீங்கள் வீதிப் பக்கம். நடைபாதை இல்லாத வீதியில் எந்தப் பக்கமாக நடப்பது என்று கேட்டால், பலர் இடப் பக்கம் என்கின்றார்கள். வாகனங்களுக்குத்தான் இடப் பக்கம். நடப்பவர் வலப் பக்கமாக நடந்தால்தான் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்; இடப் பக்கமாக நடந்தால் அது முதுகுக்குப் பின்னால் வரும். கடக்கும்போது முதலில் வலப்புறம் பார்க்க வேண்டும், நமக்குக் கிட்டிய பாதையில் வாகனம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். பிறகு இடப்புறம், மீண்டும் வலப்புறம். பாதசாரிக் கடவை இருக்கின்றது என்பதற்காகக் கோட்டில் கால் வைத்தவுடன் வாகனங்கள் நின்றுவிடும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதல் வாகனம் நின்றாலும், அதை முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரும். நின்ற வாகனத்தின் ஓரத்தில் தரித்து, எட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்த அடி. இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாடசாலை வாசல் வரை நடந்து, ஒவ்வொரு சந்தியிலும் பிள்ளையையே பார்த்துச் சொல்ல விடுங்கள். அலிஃப், பே கற்பித்த உம்மாவுக்கு இது பெரிய வேலையல்ல.

இப்போது நான் முக்கியமாக நினைக்கின்ற ஒன்றுக்கு வருகின்றேன். பாடசாலை விட்டு வேன் வருகின்றது. வேன் வீதியின் அந்தப் பக்கம் நிற்கின்றது, உம்மா இந்தப் பக்கம் வாசலில் நிற்கின்றார். பிள்ளை இறங்குகின்றது. உம்மா அன்போடு கையை அசைத்து, "வாங்க மகன்" என்கின்றார். காலையில் இருந்து உம்மாவைக் காணாத பிள்ளை என்ன செய்யும்? வலமும் பார்க்காது இடமும் பார்க்காது. அதன் கண்ணுக்கு உம்மாவின் முகம் மட்டும்தான் தெரியும். உங்கள் கையசைப்பே அதை வீதிக்குள் இழுத்துவிடுகின்றது. சகோதரியே, தயவு செய்து பிள்ளை இறங்குகின்ற பக்கத்தில் போய் நில்லுங்கள். பர்தாவைப் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து போகச் சோம்பல் என்றால், அரை மணித்தியாலத்துக்கு முந்தியே ஆயத்தமாகுங்கள். போக முடியாத நாளில் வேனில் இருக்கும் உதவியாளர் கையைப் பிடித்துக் கடத்தி விடவேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்படியும் ஆள் இல்லையென்றால், வேன் போய் வீதி முழுதும் தெரிகின்ற வரை இறங்கிய இடத்திலேயே நிற்கப் பழக்குங்கள். வேனுக்கு முன்னாலும் பின்னாலும் புகுந்து ஓடுவதுதான் ஆபத்து.

வேன் என்றதும் இன்னொரு விடயம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வேன் கட்டணங்கள் உயர்ந்தன. பல குடும்பங்களுக்கு அந்தச் செலவு தாங்க முடியாமல் போனது. மலிவாக வருகின்ற வேனைத் தேடினோம். மலிவாக வருகின்ற வேனில் பிள்ளைகளை அடுக்குவார்கள். அது வியாபாரக் கணக்கு. மாதச் சந்தாவைக் கொடுக்கும்போது, வேனில் எத்தனை இருக்கை, எத்தனை பிள்ளைகள், கதவை யார் திறக்கின்றார், சாரதி கைப்பேசியில் பேசிக்கொண்டு ஓட்டுகின்றாரா என்று கேட்க உங்களுக்கு உரிமையிருக்கின்றது. கேட்டால் கோபிப்பார் என்று பயப்படுகின்றோம். கறிக்கு மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க நாம் யாரிடமும் கூச்சப்படுவதில்லையே. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் 'சிசு சரிய' பஸ் ஓடுகின்ற ஊர்களில் அதை விசாரித்துப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே குறைந்த கட்டணத்தில் நடக்கும் சேவை அது.

மோட்டார் சைக்கிள் பற்றி எழுதினால் வீட்டுக்கு வீடு என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். வாப்பா ஓட்ட, தாங்கியின் மேல் சின்ன மகள், பின்னால் மகன், அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு உம்மா. தலைக்கவசம் வாப்பாவின் தலையில் மட்டும். சட்டப்படி ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் போகலாம். அவருக்கும் தலைக்கவசம் வேண்டும். கார் வாங்க வசதியில்லாத குடும்பம் வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு தடவை போய் வரலாம். இருபது நிமிடம் முந்தித் தொடங்கினால் அது முடியும். ஒரே ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாடசாலைக்குப் போகின்றார்கள் என்றால், தாய்மார் முறை வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு பேர் எல்லாப் பிள்ளைகளையும் நடத்திக் கூட்டிப் போகலாம். நடக்கின்ற தூரம்தான் பல வேளைகளில். நாம்தான் நடப்பதைக் கௌரவக் குறைவாக ஆக்கிவிட்டோம். தலைக்கவசம் பிள்ளையின் தலைக்கு அளவானதாக இருக்க வேண்டும். வாப்பாவின் பழையதை மாட்டினால் விழுகின்ற போது அது ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

இன்று நம் சகோதரிகள் பலர் ஸ்கூட்டியில் தாங்களே பிள்ளையை ஏற்றி இறக்குகின்றார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அபாயாவின் அடிப்பகுதியையும் ஷோலின் முனையையும் கவனியுங்கள். காற்றில் பறக்கும் துணி பின் சக்கரத்தில் ஒருமுறை சுற்றிக்கொண்டால் ஆளையே இழுத்து வீழ்த்திவிடும். ஷோல் கழுத்தைச் சுற்றியிருந்தால் அதைவிட மோசம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண்களுக்கும், பாடசாலைச் சீருடையின் பர்தாவோடு போகும் மகளுக்கும் இதே ஆபத்துத்தான். ஏறியதும் துணியைச் சேர்த்து மடியின் கீழ் அமுக்கிக்கொள்ளுங்கள். ஷோலின் முனைகளை உள்ளே செருகி ஊசி குத்துங்கள். சக்கரத்தை மூடும் துணிக்காப்பு பொருத்த முடியுமானால் இன்னும் நல்லது. வெட்கத்தைப் பேணுவதற்காக அணிகின்ற ஆடையை உயிருக்கும் பாதுகாப்பாக அணிவதில் மார்க்கத்துக்கு ஒரு மாறுபாடும் இல்லை. மறைவு குறையாமல் பைக்குள் ஒடுங்குகின்ற உடுப்பு தைக்க நம் தையல்காரிகளுக்குத் தெரியாதா என்ன?

அவசரம்தான் இவை எல்லாவற்றுக்கும் வேர். பாடசாலை ஏழரைக்கு. நாம் எழுவது ஆறரைக்கு. அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு காலுறை காணாமல் போகின்றது, தண்ணீர்ப் போத்தல் நிரப்பவில்லை, கொப்பிக்கு உறை போடவில்லை. ஏச்சும் அழுகையுமாகப் பிள்ளை வாசலைத் தாண்டுகின்றது. அழுத கண்ணோடு போகின்ற பிள்ளை வீதியைப் பார்ப்பதில்லை. சுபஹுக்கு எழும்பியவர் மீண்டும் படுக்காமல் இருந்தாலே இந்தப் பாதி ஆபத்து நீங்கிவிடும். பையையும் சப்பாத்தையும் இரவே வாசலருகில் வையுங்கள். ஹஜ்ஜின்போது அரபாவிலிருந்து திரும்புகையில் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், விரைந்தோடுவதில் நன்மை இல்லை, நிதானத்தைப் பேணுங்கள் என்று மக்களுக்குச் சைகை காட்டினார்கள். ஹஜ்ஜின் கூட்டத்திலேயே அவசரத்துக்கு அனுமதியில்லை. பிந்திவிட்டால் பிந்தட்டும். வாசலில் அதிபர் நிறுத்தி வைப்பார், ஆசிரியர் ஏசுவார், அவ்வளவுதானே. "ஓடு, ஓடு" என்ற சொல்லை வீட்டு வாசலுக்கு வெளியே பாவிக்காதீர்கள்.

சில நாட்களில் அனுப்பாமலே இருக்கவும் வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் பாடசாலைப் பிள்ளைகளும் மற்றவர்களும் பாவித்து வந்த மிதவைப் படகு கவிழ்ந்து அன்றே ஆறு உயிர்கள் பிரிந்தன. அவற்றுள் பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி, பெரு மழைக் காலத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. ஓதப் போன பிள்ளைகள் ஜனாஸாவாக வந்தார்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு 'இருந்தால்' கூடக் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் வடகீழ்ப் பருவ மழை ஒவ்வொரு வருடமும் கார்த்திகையிலும் மார்கழியிலும் வருகின்றது. வீதியின் மேலால் தண்ணீர் ஓடுகின்ற நாளில், பரீட்சை என்றாலும், வரவுப் பதிவில் ஒரு நாள் குறைந்தாலும், "இன்று என் பிள்ளை வராது" என்று சொல்கின்ற தைரியம் தாய்க்கு வேண்டும். மழைக்குக் காலூன்ற முடியாத நேரத்தில் தொழுகைக்கே வீட்டில் தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்ன மார்க்கம் இது.

இனி, வீட்டு ஆண்களுக்காக ஒரு விடயம். நீங்கள் வாசித்துவிட்டு இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் சாப்பிடுகின்ற மேசையில் வையுங்கள். வாகனம் ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டால் பொலிஸும் நீதிமன்றமும் காப்புறுதியும் பார்த்துக்கொள்ளும், வழக்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கின்றார்கள். ஓட்டுபவரின் தவறால் உயிர் போயிருந்தால், அது தவறுதலாகச் செய்த கொலை என்ற வகையில் அடங்கும். திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயத்தில் அதன் சட்டம் இருக்கின்றது. இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு ஒரு பக்கம். அது தவிர, அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய குற்றப்பரிகாரம் வேறு. அடிமையை விடுதலை செய்ய இன்று வழியில்லாததால், இடைவிடாது இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். குடும்பத்தார் மன்னித்தாலும் அந்த நோன்பு நீங்காது. தன் பிள்ளையையே ஏற்றிச் சென்று, தன் கவனயீனத்தால் அதைப் பறிகொடுத்த தகப்பனுக்கும் இதே கடமை உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், தவறுதலாகக் கொன்றவருக்கும் கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது.

ஜித்தாவைத் தளமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு சபை 1993இல் புரூணையில் கூடியபோது, போக்குவரத்து விபத்துகள் பற்றித் தனியாகவே ஒரு தீர்மானம் எடுத்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்று அதில் கூறப்பட்டிருக்கின்றது. சாரதியின் பொறுப்பையும் அது விளக்குகின்றது. சிவப்பு விளக்கை மீறுவதை, பாடசாலை வாசலில் முந்திப் போவதைச் சின்னச் சாமர்த்தியமாக நினைக்கின்ற தம்பிமார், அனுமதிப் பத்திரம் எடுக்காத மகனிடம் "கடைக்குப் போய் வா" என்று திறப்பைக் கொடுக்கின்ற வாப்பாமார், இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊருக்குள் முச்சக்கர வண்டிக்கு 40 கிலோ மீற்றர், மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் 50 என்பதே சட்டம் வகுத்த எல்லை. பிள்ளைகள் நடமாடும் இடங்களில் 30க்கு மேல் போகக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

பொது வீதியில் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் பொறுப்பாளி என்று பிக்ஹுக் கிதாபுகளில் பேசப்பட்டிருக்கின்றது. நம் பஸார்களில் யாரும் கிணறு தோண்டுவதில்லை. ஆனால் நடைபாதையில் அரிசி மூட்டையை அடுக்குகின்றோம், பிளாஸ்டிக் கதிரையை வரிசையாக வைக்கின்றோம், கடை முன்னால் லொறியை நிறுத்துகின்றோம். பாடசாலை விடுகின்ற நேரத்தில் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வீதிக்குள் இறங்குகின்றார்கள். உங்கள் கணவரோ சகோதரரோ கடை வைத்திருந்தால், இன்றிரவே கேளுங்கள். நம்முடைய மூட்டையைச் சுற்றித்தான் யாரோ ஒருவருடைய பிள்ளை வீதிக்கு இறங்குகின்றதா?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தாய்மாரும் பேச வேண்டும். விழா, கட்டடம், பரிசளிப்பு என்று மணிக்கணக்காகக் கதைக்கின்றோம். வாசலில் கோடு அழிந்து போன கடவையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏழு மணிக்கும் ஒன்றரைக்கும் கடவையில் நிற்க ஒருவரைக் கேட்டு, அதிபரின் கையொப்பத்தோடு பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் எழுதலாம். பெற்றோரின் மோட்டார் சைக்கிள்களே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். நூறு மீற்றர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தால் வாசல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஒரு வார்த்தை: ஜும்ஆவுக்குப் பின் வீதியோரமாக நிறுத்திய வாகனங்களுக்கு இடையால்தான் பிள்ளைகள் வெளியே வருகின்றார்கள்.

கடைசியாக மத்ரஸா நேரம். அஸருக்குப் பின் ஓதப் போகும் பிள்ளைகள் மஃரிபுக்குக் கிட்டத் திரும்புகின்றார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு அபாயாவோடு வீதியோரமாக வரும் சிறுமியை, எதிர் வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு வரும் சாரதி கடைசி நேரத்தில்தான் காண்பார். மத்ரஸாவுக்கு வெள்ளையோ இளநிறமோ அணிவித்தால் தூரத்திலேயே தெரியும். பின்புறம் ஒளிரும் பட்டியொன்றைப் பையில் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் கேட்டுப் பாருங்கள். இருள் படரும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதால், மத்ரஸாவை மஃரிபுக்கு இருபது நிமிடம் முந்தி விடும்படி உங்கள் ஊர் முஅல்லிமிடம் கேட்கலாம். ஓதல் குறைந்து போகும் என்று அவர் சொன்னால், அஸர் தொழுத கையோடு தொடங்கச் சொல்லுங்கள். நானும் முஅல்லிம்தான், அந்த இருபது நிமிடத்தை எங்கே தேடலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

வஸ்ஸலாம்.